பின்வடம்

சாக்கின் மேல் நீல மையில்
பதினெட்டு வருஷமாகப் பார்த்த பெயர்
பூம்பாறை.
ஊரைப் பார்த்ததில்லை.
வடுகபட்டி கமிஷன் கடையில் உட்கார்ந்து
அதன் எடையை எழுதியிருக்கிறேன்,
கழிவு போக.

"தேருக்கு வாங்க" என்பார்கள்
பூண்டு மூட்டை இறக்கிவிட்டு, தை பிறந்தால்.
இந்தமுறை முதலாளியும் சொன்னார்:
"போயிட்டு வாய்யா.
அப்படியே மேக்காட்டுக் குழந்தைவேலு பாக்கி,
நாப்பத்தோராயிரம்,
ஒரு வார்த்தை கேட்டுட்டு வா."

வத்தலக்குண்டில் பஸ் மாறி
மலையேறுகையில் காது அடைத்து
கொடைக்கானலில் இன்னொரு பஸ்.
படிக்கட்டில் நான்.
தோளில் யாரோ ஒருவரின் வாழைத்தார்,
மூக்கில் யாரோ ஒருவரின் காவடிப் பீலி.
யூகலிப்டஸ் வாசம் முடிகிற இடத்தில்
பூண்டு வாசம் பிடித்தது.
கண்ணை மூடிக்கொண்டே இறங்கியிருப்பேன்.

சரிவெல்லாம் படிப்படியாய் வயல்.
என் பேரேட்டுக் கோடுகள் மாதிரி, என்று நினைத்து
வெட்கப்பட்டேன்.

கோயில் தெருவில் "குழந்தைவேலு!" என்று கூப்பிட்டதும்
ஏழு பேர் திரும்பினார்கள்.
பந்தியில் ரசம் ஊற்றியவர்,
விசிலோடு ஒரு போலீஸ்காரர்,
தகப்பன் கழுத்தில் உட்கார்ந்த, சந்தனம் காயாத மொட்டை.
தேரிலிருந்தவரும் திரும்பியிருக்கலாம்,
பூ மறைத்தது.

இந்தத் தேருக்கு
முன்னாலும் வடம், பின்னாலும் வடம்.
தெருவின் வாட்டம் அப்படி.
இழுக்க மட்டும் ஆளிருந்தால்
இறக்கத்தில் சாமி ஓடிவிடும்.
முன்வடத்தில் கை வைக்க இடமில்லை.
கூட்டம் என்னைப் பின்னால் ஒதுக்கியது.
"பிடிங்க சார். இழுக்காதீங்க.
விட்டும் விடாதீங்க"
என்றது பக்கத்துத் தோள்.
நகக்கண்ணில் மண்.
நிமிர்ந்தால் மேக்காட்டுக்காரர்.
என்னை அடையாளம் தெரிந்த கணத்தில்
அவர் முகம் ஒரு கதவைச் சாத்தியது.
அதற்குள் மேளம். அரோகரா.

சக்கரம் சரியத் தொடங்கியது.
குதிகாலை ஊன்றி மல்லாந்தோம்,
அவரும் நானும்
பின்னால் ஐம்பது அறுபது பேரும்.
கயிறு உள்ளங்கையைத் தின்றது.
அத்தனை மரமும் அத்தனை பூவும்
போகணும் போகணும் என்றது.
"இருப்பா, இரு" என்றார் அவர்.
சாமியிடமா, என்னிடமா?

நிலைக்கு வரும்போது மூடுபனியில்
கோபுரத்து பல்பு மட்டும் தெரிந்தது.
"இந்த வருஷம் பனி கருக்கிருச்சு சார்"
என்றார், நான் கேட்காத கேள்விக்கு.
"தெரியும்" என்றேன். தெரியாது.
டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.
எரிகிற கைகளோடு
துண்டுக்குள் டம்ளரைப் பிடித்துக் குடித்தோம்.

கடைசி பஸ்.
முதலாளியிடம் சொல்ல ஒரு வாக்கியத்தை
வழியெல்லாம் அடித்து அடித்து எழுதினேன் மனசுக்குள்.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
டிரைவர் பிரேக் மிதிக்குமுன்
என் குதிகால் தானாக ஊன்றியது.