குறுக்குக்கால்

வெளியே முப்பத்து மூன்று டிகிரி.
உள்ளே மைனஸ் இருபத்திரண்டு.
நடுவில் பிளாஸ்டிக் திரை,
மாட்டு நாக்குகள் மாதிரி தொங்கும்.
பத்து மாவுங் மீன் கிடங்கில்
பெட்டி எண்ணுவது என் வேலை.
கெம்போங், தெங்கிரி, கணவாய்.
ஒவ்வோர் எண்ணும் வாயிலிருந்து
புகையாய்ப் போகும்.

கம்பெனி தந்த குல்லாய்
காதை மூடினால் நெற்றியைத் திறக்கும்.
அதனால்தான் தொடங்கினேன், வேறு காரணம் கிடையாது.
பினாங்கில் கம்பளியா என்றாள்
கேம்பல் தெருக் கடைக்காரி.
என் வேலையைச் சொன்னேன்.
இரண்டு வெள்ளி குறைத்துக்கொண்டாள்.

சுங்கை நிபோங்கில் ஏறினால்
நெரிசலில் பேருந்து நிற்கும் நேரம் இரண்டு வரிசை.
மழை என்றால் நான்கு.
உள்ளங்கை வியர்த்து
இரும்பு ஊசியில் நூல் ஒட்டும், கைக்குழந்தை மாதிரி.
மூங்கிலுக்கு மாறினேன்.
பவுடர் பூசிப் பார்த்தேன்;
பச்சைக் குல்லாய் முழுக்க மல்லிகை வாசம்,
மீன் கிடங்கில்!

ஒன்பது குல்லாய்.
ஒன்பதும் கொஞ்சம் இடப்பக்கம் சாயும்.
நூல் மட்டம் என்றேன். ஊசி மட்டம் என்றேன்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இன்பராசன்
சாயங்காலம் அதைக் கழற்றினால்
நெற்றியில் ஒரு சிவப்புக் கோடு,
விபூதிக்கு அடிக்கோடு போட்டதுபோல.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

சொன்னது தில்மாயா,
கணவாய்ப் பிரிவு, டிசம்பரில் நேப்பாளத்திலிருந்து வந்தவள்.
எங்களுக்குப் பொது உடைந்த மலாய்தான்.
கேன்டீனில் கோப்பி ஓ ஆறுவதற்குள்
என் பின்னலை வாங்கி விரலால் விரித்து,
"காக்கி சிலாங்," என்றாள்.

பார்த்தேன்.
ஒவ்வொரு கண்ணியும்
கால்மேல் காலைக் குறுக்கே போட்டுக்கொண்டு
விறைப்பாக உட்கார்ந்திருக்கிறது.
நூலைக் கடிகாரத்தோடு சுற்றியிருக்கிறேன்,
கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றவேண்டியதை.
அவ்வளவுதான்.
ஓராண்டு. ஒன்பது தலை.
வலைக்கும் கண்ணி, இதற்கும் கண்ணி,
மாட்டிக்கொண்டது நான்.
தில்மாயா ஏன் என்னிடம்
குல்லாய் கேட்டதே இல்லை என்பதும்
அப்போதுதான் உறைத்தது.

கற்றது ஒரு வாரத்தில்.
மாற்றுவதற்கு மழைக்காலம் முழுதும் போனது.
கை ஒரு பழைய குமாஸ்தா:
புது உத்தரவுக்குத் தலையாட்டிவிட்டு
ஏழாவது வரிசையில்
பழைய பேரேட்டைத் திறக்கும்.
"எதிர், எதிர்" என்று முணுமுணுத்தேன்;
பக்கத்து இருக்கை மாக்சிக்
பையை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

முதலில் என்னுடையதைப் பிரித்தேன்.
நூல் மேகி மீ போலச் சுருண்டு வந்தது.
நனைத்து, அடியில் கீச்சாப் போத்தலைக் கட்டி
துணிக் கம்பியில் தொங்கவிட்டேன்.
போத்தல் ஒரு பக்கமாக மெல்லச் சுழலும்.
நிற்கும், யோசிப்பதுபோல.
பிறகு மறுபக்கம்.
மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றேன்.

புதியது இழுத்தால் வருகிறது,
விட்டால் போகிறது.
நெற்றியில் கோடில்லை.

"ஒன்னோடதையும் குடு, பிரிச்சுத் தரேன்."
இன்பராசன் குல்லாயைக் கழற்றி
உள்ளே பார்த்தான், வெளியே பார்த்தான்,
மறுபடி மாட்டிக்கொண்டான்.
"வேணாம்க்கா. இப்பதான் பழகியிருக்கு.
மாத்துனா முதல்லேர்ந்து சொல்லித் தரணும்."
மண்டைக்கா குல்லாய்க்கா என்று
நான் கேட்பதற்குள்
நாக்குகளை விலக்கி உள்ளே போய்விட்டான்
தெங்கிரி ஏற்றிக்கொண்டு,
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து.

பத்தாவதைத் தொடங்கியிருக்கிறேன், சாம்பல் நிறம்.
யாருக்கு என்று தெரியவில்லை.
இன்று ஆறு வரிசை ஆயிற்று.
பாயான் லெப்பாஸ் விளக்கில் பேருந்து நிற்கிறது.
கையைப் பார்க்கிறேன்.
அதுவும் என்னைப் பார்க்கிறது.