அறுபது சொற்களில் கிவிலானே

மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.
ஊரின் வரலாறும் காணத் தகுந்தவையும்,
அறுபது சொற்களுக்கு மிகாமல்.
பலகை இலவசம். கம்பம் உங்கள் பொறுப்பு.

ஒன்பது பேரில் எழுதத் தெரிந்தவள் என்று
என் தலையில் கட்டினார்கள்.
கூட்டுப்பண்ணையில் பால்கேன் கணக்கு
பத்தொன்பது வருடம் எழுதியவள்.
கேன்களுக்கு வரலாறு கிடையாது,
லிட்டர்தான்.

கிவி என்றால் எங்கள் மொழியில் கல்.
அந்தப் பேரில் ஒரு பழம் இருப்பது
எல்லை திறந்த பிறகுதான் தெரிந்தது.
லானே என்றால் அடர்காடு.
காடு போய்விட்டது.
கல் இருக்கிறது,
டிராக்டர் கொட்டகை உயரத்துக்கு,
வடக்கு முகத்தில் மட்டும் பாசியோடு.
பின்லாந்திலிருந்து பனிப்பாறை
கடல் தாண்டி உருட்டி வந்ததாம்,
அளக்க வந்த மாணவன் சொன்னான்.
ஆக, எங்கள் ஊரின் மூத்த குடியே
வந்தேறி.
ஹெய்னோவுக்கு முகம் தொங்கிவிட்டது.
"அதைப் போடாதே" என்றார்.

அவர் போடச் சொன்னது நாரைக் கூட்டை.
மின்கம்பத்தின் உச்சியில்
வண்டிச் சக்கரம் அகலத்துக்குச் சுள்ளி.
ஏப்ரலில் வந்திறங்கும் செங்கால்கள்
ஆப்பிரிக்கா பார்த்தவை.
ஹெய்னோ தாலின் தாண்டியதில்லை.

ஊர்வே பேருந்து நிழற்குடை என்றாள்.
செவ்வாயும் வெள்ளியும் பேருந்து.
நிற்கவேண்டியவர் நிற்காவிட்டால்
ஓட்டுநர் ஹாரன் அடித்துப் பார்ப்பார்,
பதில் இல்லையென்றால் இறங்கி வந்து
கதவைத் தட்டுவார்.
ஒருமுறை அப்படித்தான்
லேம்பிட் இறந்தது தெரிந்தது.

யூலோ, பிரபுவின் சாராய ஆலை என்றான்.
கூரை இல்லை, புகைபோக்கி உண்டு.
கட்டிய வருடம் கல்லில் இருக்கிறது.
எரிந்த வருடத்துக்கு மூன்று கணக்கு.
எரித்தவர் யூலோவின் தாத்தா அல்ல.
இதை யூலோ
யாரும் கேட்காமலே சொல்வான்.

அதுவரை நாற்பத்தெட்டுச் சொல்.

பிறகு யாரும் சொல்லாத ஒன்று.
கோதுமை வயலின் நடுவே
ஓர் ஆப்பிள் மரம்.
அறுவடை இயந்திரம்
அதைச் சுற்றி வளைந்து போகும்,
புதிதாக வந்த ஓட்டுநரும்
கேள்வி கேட்காமல் வளைப்பான்.

சிர்கெல் வீடு அங்கே இருந்தது.
நாற்பத்தொன்பது, மார்ச் மாதம்,
விடியுமுன் ஒரு லாரி.
ஐந்து பேர்.
பிசைந்து வைத்த ரொட்டி மாவு
நாள் முழுக்கப் பொங்கி
தொட்டி விளிம்பு தாண்டி வழிந்ததாம்.
பட்டியல் தெளிவாக இருந்ததாம்,
ஓர் எழுத்துப் பிழையில்லாமல்.

எழுதத் தெரிந்தவர்
எங்கள் வீட்டில்
முன்பும் ஒருவர் இருந்தார்.

கூட்டத்தில் கடைசி வரிகளைப் படித்தேன்:
ஆப்பிள் மரம், செப்டம்பரில் எவரும் பறிக்கலாம்.
அதன்பின் ஐந்து பெயர்.
எடுவார்ட், மீலி, அக்செல்,
லியோன்ஹார்ட், ஹில்யா.
ஹில்யா தொட்டில் பிள்ளை.
அப்பாவின் பட்டியலிலும்
கடைசியாகத்தான் இருந்திருப்பாள்.

காபி ஆறிப்போனது.
ஊர்வே சர்க்கரைக் கிண்ணத்தை
இந்தப் பக்கம் நகர்த்தி
மறுபடி அந்தப் பக்கம் நகர்த்தினாள்.
ஹெய்னோ எழுந்து தொப்பியை எடுத்தார்.
"எத்தனை சொல்?"
"ஐம்பத்தெட்டு."
"குழி நான் தோண்டுகிறேன்.
உறைபனி இறங்காத ஆழம் வேண்டும்,
ஒரு மீட்டராவது."

பலகை ஜூலையில் வந்தது.
கல்லுக்கு எதிரே நட்டோம், சற்றே சாய்வாக.
முதலில் நின்றவர்கள்
சைக்கிளில் வந்த ஒரு டச்சுத் தம்பதி.
ஜன்னலிலிருந்து நேரம் பார்த்தேன்,
நாற்பது வினாடி.
பிறகு கதவைத் தட்டி
கழிப்பறை எங்கே என்றார்கள்.

காட்டினேன்.
போகும்போது அந்தப் பெண் திரும்பி
ஆப்பிள் இனிக்குமா என்றாள்.
புளிக்கும், என்றேன்.
உறைபனி விழுந்த பிறகு
கொஞ்சம் பரவாயில்லை.