கழிவு போக

சிரம்பானிலிருந்து வந்த யுகேந்திரன்
என் கூரையை ஒரு கண்ணால் அளந்துவிட்டு
நாலே வருடம் அக்கா, போட்ட காசு கைக்கு வந்துவிடும்,
அதற்குப் பிறகு வெயில் உங்களுடையது என்றான்.

வெயில் இப்போது யாருடையது என்று நான் கேட்கவில்லை.
மைலோ கலக்கிக் கொடுத்தேன்.
அவன் நீட்டிய தாளில்
இருபத்தோராயிரத்து அறுநூறு வெள்ளி.
மாத மிச்சம் நானூற்றைம்பது.
எனக்கு வருகிற கரண்டு பில்லே
இருநூற்று முப்பத்தாறுதான், தம்பி.
அதன்பிறகு அவன் மைலோவை மட்டும் பார்த்துக் குடித்தான்.

பகாவ் பக்கம் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி நான், பத்தொன்பது வருடமாக.
லாரி ஏறியதும் திரையில் தெரிவது
குலையின் எடை இல்லை.
இரும்பு, டயர், டிரைவர்,
அவன் இன்னும் பிரிக்காத நாசி லெமாக்,
நேற்றைய மழையில் சக்கரத்தில் அப்பிய மண்
எல்லாம் சேர்ந்தது.
கொட்டிவிட்டு வெறும் வண்டியாக
மறுபடி ஏறி நிற்கும்போதுதான்
கணக்கு வாய் திறக்கும்.

ஆகவே கழித்தேன்,
பழைய எடைச்சீட்டின் பின்பக்கத்தில், பென்சிலால்.

சின்ன செட்டு போதும்: பதினாலாயிரத்து நானூறு.
மாதம் நூற்றைம்பது மிஞ்சும் என்று வை. எட்டு வருடம்.
மூன்று மணிக்கெல்லாம் கறுத்துவிடும் மேற்கு வானத்துக்கு
ஒரு பதினைந்து கழி.
ஆலைப் புகைபோக்கி எங்கள் தாமான்மேல் தூவும்
கரித்தூளுக்கு இன்னொரு பதினைந்து.
நூற்றிருபது. பத்து வருடம்.
பத்தாம் வருடம் இன்வெர்ட்டர் மண்டையைப் போடும்;
அதற்கு மூவாயிரம், அதாவது இருபத்தைந்து மாதம்.
பன்னிரண்டு வருடம், ஒரு மாதம்.
எனக்கு அப்போது அறுபது,
எடைமேடையில் வேறு யாரோ.
கூரைக்கு என்ன வயதாகும் என்று தெரியாது.
வீட்டு கிராண்டு இன்னும் நில அலுவலகத்தில் கிடக்கிறது.

வேண்டாம் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

பிறகு ஒரு புதன்கிழமை
மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுக்க
பகல் ஒரு மணிக்கு வீட்டுக்குத் திரும்பினேன்.
சன்னாசி தூங்கிக்கொண்டிருந்தார்.
அதைத் தூக்கம் என்றா சொல்வது?
பாய்லரில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த உடம்பு
சிமெண்டுத் தரையில் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு
காற்றாடி திரும்பும் பக்கமெல்லாம் திரும்பியது.
மேலே தகரம் படக், படக் என்று விரிந்தது.
சுவரில் ஏர்கோன் இருக்கிறது.
தீபாவளிக்கு ஆள் வந்தால் போடுவோம்.

என் சீட்டில்
'பகலில் வீட்டில் யாருமில்லை' என்று எழுதியிருந்தேன்.
ஆள் இருந்திருக்கிறது.
செலவு வைக்காததால் எடையில் விழவில்லை.

சாயங்காலம் எழுந்து முகம் கழுவியவரிடம் கேட்டேன்:
உங்கள் தூக்கத்துக்கு மாதம் என்ன விலை போடட்டும்?
ஓ.டி. ரேட்டுப் போடு என்றார், சிரிக்காமல்.
பொது விடுமுறைக்கு மூணு மடங்கு.

அவ்வளவு தாங்காது. அறுபது போட்டேன்.
நூற்றெண்பது. ஆறு வருடம், எட்டு மாதம்.

இது கள்ளக் கணக்கா, தெரியவில்லை.
ஆலையில் இப்படி எழுதினால்
சீட்டு என் மேசைக்கே திரும்பி வரும்:
வராத காசை வரவில் காட்டாதே.
ஆனாலும் ரப்பரைக் கையில் எடுத்தவள்
அடிக்கோட்டைத்தான் அழித்தேன்.

இரவு அவருடைய மோட்டார் ஆலைப் பக்கம் போன பிறகு
ஜன்னல் கண்ணாடிப் பட்டையில் விரல் வைத்து இழுத்தேன்.
கறுப்பாக ஒரு கோடு.
செம்பனை நாரும் ஓடும் அள்ளிப் போட்டு
விடிய விடிய அவர் மூட்டுகிற நெருப்பு
அவருடைய பகல் குளிர்ச்சியின் மேலேயே வந்து படியும்.
பதினைந்து வெள்ளிக் கழிவு போதாது போல.

யுகேந்திரனுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன்:
சாம்பலை யார் ஏறித் துடைப்பது?
வருடத்துக்கு எத்தனை தடவை, அதற்கு என்ன காசு?

படித்துவிட்டான்.
எழுதுகிறான். நிறுத்துகிறான்.
எழுதுகிறான்.