புதன் பின்னேரம், இரண்டு மணி

புள்ளி இல்லாத பாடம்.
கையெழுத்து மட்டும்தான்.
எண்பது வீதம் வராவிட்டால்
சோதனைக்கு இருக்க விடமாட்டார்கள்,
அதுதான் வந்திருக்கிறோம்.

கஜீபனுக்கும் சேர்த்து நானே வைத்தேன்.
அவனுடைய கையெழுத்து
அவனைவிட எனக்கு வடிவாய் வரும்.
அவன் கொக்குவில் அறையில் படுத்திருப்பான்,
நெஞ்சின்மேல் மருந்தியல் திறந்தபடி,
மின்விசிறி பக்கம் புரட்டிப் படிக்க.

இங்கேயும் எல்லோர் மடியிலும் வேறு புத்தகம்.
பின்வரிசையில் இமேஷா
கிருமிகளுக்கு ஊதாவும் ரோஸும் தீட்டுகிறாள்.
"அன்பாயிருக்கிறதையும் படிப்பிக்கலாமோ?
எங்களை என்ன, நரியே வளர்த்தது?"
என்கிறாள் தர்மினி.

சிந்தனைக் குறிப்பேடு என்று ஒன்று எழுதவேணும்,
ஆங்கிலத்தில்.
நான் உணர்ந்தேன், நான் கற்றுக்கொண்டேன்,
அடுத்தமுறை நான்.
மூன்று பட்ச் கைமாறி வந்த கோப்பு எங்களிடம் உண்டு.
அதில் நெடுந்தீவுக் கிழவர் ஒருவர்
பதினோராம் கட்டிலில்
ஆண்டுக்கு ஒருமுறை சாகிறார்.
நான் அவருடைய அறுபத்தேழை எழுபத்தொன்றாக்கினேன்.
என்னால் ஆனது, நாலு வருசம்.

பிறகு நடிப்பு.
கதிரை இரண்டு. தர்மினி நோயாளி, நான் வைத்தியர்.
கெட்ட செய்தி சொல்ல ஆறு படி.
நாலாம் படியில் அவளுக்குச் சிரிப்பு வந்தது,
எனக்கும் வந்தது, வகுப்பே உருண்டது.
விரிவுரையாளர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை.
மணிக்கூட்டைப் பார்த்தார்.
நாலரைக்கு அவருக்குத் தனியார் மனையில் நோயாளர்.

வெள்ளிக்கிழமை, பெரியாஸ்பத்திரி, பெண்கள் விடுதி.
பளையிலிருந்து வந்த இராசமலர் அம்மா.
என் பேரைச் சொன்னேன், அனுமதி கேட்டேன்,
கண்ணுக்கு நேரே வரக் குந்தினேன்.
இருமல் எத்தனை நாள், சளியில் இரத்தம் உண்டோ,
பிள்ளைகள் எத்தனை பேர்?
"மூண்டு. இப்ப ஒண்டு."

பேனை நின்றது.
வாய்க்குள் அந்த ஆங்கில வாக்கியம்
தயாராய் இருந்தது.
அவசரத்தில் தமிழாக்கிக் கொடுத்தேன்:
"எனக்கு வருத்தமாயிருக்கு, அம்மா."

அவ என்னை வடிவாய்ப் பார்த்தா.
"ஐயோ, தம்பிக்கும் வருத்தமோ?
காய்ச்சலே? முகமும் வாடித்தான் கிடக்கு.
மத்தியானம் சாப்பிட்டனீங்களோ?"
குளிசைப் பையை ஒதுக்கி
மாரி பிஸ்கற் பக்கெற்றை என் பக்கம் தள்ளினா.

இல்லையம்மா, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை
என்று சொல்லியிருக்கலாம்.
சொல்ல வாய் வரவில்லை,
அதை மட்டும் எப்படிச் சொல்வது?
ஒன்றை எடுத்தேன். நமத்திருந்தது.
அடுத்த கட்டிலடியில் தர்மினி
எல்லாம் கேட்டபடி நின்றாள்.
இந்தமுறை சிரிக்கவில்லை.

குறிப்பேட்டில் இதை எழுதவில்லை.
ஆங்கிலத்தில் அந்தச் சொல் இரண்டாய்ப் பிரிந்துவிடும்,
ஒன்று அவவின் கட்டிலுக்கும்
மற்றது என் தாளுக்கும் போகும்,
பிஸ்கற் யாருக்கும் கிடைக்காது.
கிழவரையே கொடுத்தேன்.
'ஆழமான அவதானிப்பு' என்று சிவப்பு மையில் வந்தது.

அடுத்த புதன், "மச்சான், வைச்சு விடு" என்று
கஜீபனின் குறுஞ்செய்தி.
வைத்தேன்.
ஏனோ முன்வரிசையில் போய் இருந்தேன்.
நாலு மணிக்குத் தாளை மடித்துக் கொண்டுபோன பிறகுதான்
நினைவு வந்தது,
எனக்கு வைக்கவில்லை.