ஆவன செய்யுமா

லெட்டர்பேடில் இன்னும் நூற்றுப்பத்துத் தாள் மிச்சம்.
'சட்டமன்ற உறுப்பினர்' என்பதற்கு முன்னால்
பேனாவால் 'முன்னாள்' எழுதுவது என் வேலை.
கோணினால் திட்டுவார்.
ரப்பர் ஸ்டாம்புக்கு இருநூறு கேட்கிறான்
ஸ்டான்லிக்கு எதிர்க் கடைக்காரன்.

கோ. தனகோட்டி பேசப் பழகியது ரயில்வே கேட்டில்.
ஐம்பது எண்ணெய் டேங்கர் ஊர்ந்து போகும்.
இந்தப் பக்கம் ஐஸ் வண்டி, தண்ணி லாரி, ஸ்கூல் ஆட்டோ,
ஒருமுறை பாடைகூட.
எவனும் எங்கேயும் போக முடியாது.
மீன்பாடி வண்டிமேல் ஏறி
"இன்னும் எத்தினி நாளைக்கிபா இப்டியே நிக்கறது?" என்றார்.
கேட் திறந்ததும் பாதி வாக்கியத்தில் இறங்கினார்.
அப்புறம் அவர் பேச்செல்லாம் அந்த நீளம்தான்.

கோட்டையில் பத்து வருஷம், பதினேழு தடவை,
ஒரே கேள்வி:
மேம்பாலம் அமைக்க அரசு ஆவன செய்யுமா?
நிலம் ரயில்வேயுடையது என்றார்கள்.
நிதிநிலைக்கேற்ப என்றார்கள்.
ஓர் அமைச்சர், மாண்புமிகு உறுப்பினர் குடியிருப்பது
கேட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்றார்.
அவைக்குறிப்பில் 'சிரிப்பு' என்று அச்சாகியிருக்கிறது.
அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறார்.

நிழற்குடை ஒன்று கட்டினார்,
நிழலைவிடப் பெயர் பெரிது.
பிணவறையில் இரவெல்லாம் நின்று
உடல் வாங்கித் தந்திருக்கிறார், கட்சி பார்க்காமல்.
சாம்பல் லாரிக்காரர்கள் தீபாவளிக்கு வருவார்கள்.
பையில் என்ன என்று நான் கேட்டதில்லை.

மூன்றாம் தேர்தலுக்கு நாலு மாசம் முன்பு
பாலம் திறந்தது.
கல்வெட்டில் ஒன்பதாவது பெயர்.
பிரசாரத்துக்கு வழக்கம்போல் கேட்டடிக்குப் போனோம்.
அதே மீன்பாடி வண்டி, மைக், மாலை.
கேட் இருந்த இடத்தில் சுவர்.
தொகுதி தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தது.
கீழே நாங்கள் எட்டுப் பேர், ஒரு நாய்.
"இன்னும் எத்தினி நாளைக்கி" என்று தொடங்கியவர்
மைக்கைத் தட்டிப் பார்த்தார்,
கோளாறு அதில்தான் என்பதுபோல்.

நேற்று பவர்குப்பத்திலிருந்து தெரேசம்மாள்,
விதவைப் பென்ஷனுக்கு லெட்டர் கேட்டு.
"இப்ப இது செல்லாதும்மா."
"பரவால்ல, எழுதிக் குடு. உன் பேரு தெரியும்ல அவுங்களுக்கு."
எழுதினேன். கோணிவிட்டது. திட்டவில்லை.

கூடையில் ஈரம்; கடிதத்தை ரவிக்கையில் செருகிக்கொண்டு
சுவரில் யாரோ உடைத்த ஓட்டைக்குள்
குனிந்து போனாள்.
பாலத்தில் நடப்பவர்களுக்கு இடம் கிடையாது.
பதினேழு கேள்விகளையும் டைப் அடித்தவன் நான்.
அதை நாங்கள் கேட்கவே இல்லை.