திருத்தம் எட்டு

முதல் மீட்டிங்கில் "ஓம்" என்றேன்.
தணிகைவேல் கைகூப்பி
"நமசிவாய" என்று முடித்து வைத்தார்.
மேசை முழுக்கச் சிரிப்பு.
கெட்ட மனிதரில்லை. அன்று மதியம்
கேன்டீனில் எனக்கும் சேர்த்து டோக்கன் வாங்கியவர் அவர்தான்.

கேரளாவா என்றார்கள்.
கிண்டி ஸ்டேஷனில், வங்கியில்,
வேளச்சேரியில் பத்து மாத அட்வான்ஸை
எண்ணிக்கொண்டே வீட்டுக்காரர்.
இல்லை, தமிழ்தான் என்றேன்.
"பரவாயில்லையே, நல்லாவே பேசுறீங்க."

பேராதனைப் பட்டத்தை ஒரு வருடம்
பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தூக்கித் திரிந்தேன்.
சமானச் சான்று, சான்றுக்கு நகல்,
நகலுக்கு முத்திரை.
எட்டு வருட அனுபவத்தை நான்காக எண்ணினார்
மனிதவளத்தில் ஒரு இளைஞர்.
"அங்கத்திய எக்ஸ்பீரியன்ஸ் இல்லையா மேடம்."
அங்கே நான் கட்டிய பாலத்தின் மேல்
லொறிகள் பாதிப் பாரத்தோடா போகின்றன?
கேட்கவில்லை.
பேனா அவருடையது. கையெழுத்து என்னுடையது.

தம்பி டொரன்டோவிலிருந்து சிரித்தான்:
"எல்லாரும் வெளிநாடு போக
நீ ஏனக்கா பக்கத்து வீட்டுக்குப் போனனி?"
பக்கத்து வீட்டுக்கும் விசா வேணுமடா.
நுங்கம்பாக்கத்தில் அந்த வரிசையில்
முன்னால் ஒரு கொரிய மேலாளர்,
பின்னால் சூடான் மாணவன்,
நடுவில் நான் மட்டும்
சுவரிலிருந்த தமிழ் அறிவிப்பை
முழுதாக வாசித்து முடித்தவள்.

பிறகு பழகிக்கொண்டேன்.
கதைப்பது பேசுவதாயிற்று.
கெதியா சீக்கிரமா. பேந்து அப்புறம்.
லொறி லாரி.
வரைபடத்தின் மூலையில் திருத்த எண் போடுவதுபோல்
நாக்கிலும் போட்டுக்கொண்டே வந்தேன்.
எட்டாம் திருத்தத்தில்
கேரளாவா என்பது நின்று
மதுரைப் பக்கமா என்றார்கள்.
அந்த ஆண்டுதான் சீனியர் என்ற சொல்
என் பெயருக்கு முன் வந்தது.
அந்த ஆண்டுதான் அம்மா போனில்
"ஆர் கதைக்கிறது?" என்று கேட்டா.

சோழிங்கநல்லூர். ஆறாவது தளம். இரவு இரண்டு மணி.
பம்ப்பின் குழாய் யானைத் தும்பிக்கைபோல் ஆடி
கான்கிரீட்டைக் கக்கிக்கொண்டிருந்தது.
விளிம்பிலிருந்த முட்டுக்கம்பி ஒன்று
ஒரு விரல்கடை சாய்ந்ததைக் கண்டேன்.
அடுத்ததும்.
எட்டுத் திருத்தமும் எங்கே போனதோ.
"பொறுங்கோ! நிப்பாட்டுங்கோ! எல்லாரும் இறங்குங்கோ!
கெதியா! கெதியா!"
மேலே நின்ற பதினான்கு பேருக்கும் ஊர் ஒடிசா.
சென்னைத் தமிழே அவர்களுக்குப் பாதிதான் ஏறும்.
பம்ப் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள்.
கடைசி ஆள் படியில் கால் வைக்கவும்
மூலைப் பலகை வாய் பிளந்தது.
தேநீர் குடிக்கையில் பம்ப்காரன் பிரபுல்லா
மெதுவாகக் கேட்டான்:
"மேடம், அது எந்த பாஷை?"

சொல்ல வாயெடுத்தேன்.
டம்ளரில் ஆடை படிந்திருந்தது.
அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன்.

பதவி உயர்வுக் கடிதத்தில்
காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தது:
'தெளிவான தகவல் பரிமாற்றம்.'
மூன்று தடவை வாசித்தேன்.
சம்பளம், கடைசியில், தணிகைவேலைவிட
நாலாயிரம் கூட.
அவர் அல்வாப் பெட்டியோடு வந்தார்.
அவர் கண்ணை நான் பார்க்கவில்லை;
என் கண்ணை அவரும்.

இன்று விடியற்காலை பெரும்பாக்கத்தில்
அடுத்த கட்டடத்தின் அடித்தளம்.
கம்பி சரிபார்த்தாயிற்று, கவர் சரி, மட்டம் சரி.
தணிகைவேல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு
"ஊத்தலாமா மேடம்?" என்றார்.
"ஓம்."
தானாக வந்துவிட்டது.
ஒருவரும் சிரிக்கவில்லை.
பழகிவிட்டதாலா, பதவியாலா என்று
நின்று யோசிக்கலாம்தான்.
ஆனால் கலவை இறுகத் தொடங்க
ஒன்றரை மணி நேரம்கூட இல்லை,
கேட்டுக்கு வெளியே
மூன்று லொறிகள் நிற்கின்றன.