எட்டாவது நிமிடம்

பாலக்கோட்டு ரேஷன் கடையில்
சர்க்கரை மூட்டை கூரையைத் தொட்டு நிற்கும்.
பில் போடும் மெஷின் என் ரேகையை ஏற்காது.
“தள்ளுமா, அடுத்த ஆள்.”

என் தொடைக்குள்ளும் அதே கதைதானாம்.
தருமபுரி பெரியாஸ்பத்திரியில்
ரப்பர் பந்தை அழுத்தச் சொல்லி
அழுத்த அழுத்த ரத்தம் எடுத்த டாக்டர்
சீட்டின் பின்பக்கம் ஒரு மரம் வரைந்தார்,
கிளைக்குள் கிளையாக.
அத்தனையும் சர்க்கரை.
நுனியிலிருந்து ஒவ்வொன்றாய்க்
கிள்ளித் தரவேண்டிய நொதி
ஈரலில் உண்டு,
தசையில் பிறக்கவே இல்லை.

முப்பத்தொரு வருஷம்
அதற்கு வேறு பேர் வைத்திருந்தார்கள்:
சோம்பேறி.
விளையாட்டு டீச்சர் எஸ்தர்,
நாத்தனார்,
ஓடியும் பஸ்ஸை விட்ட ஒருநாள்
நானே.

தக்காளி மண்டியில் கூடை தூக்கிய மறுநாள்
வறட்டீ நிறத்தில் சிறுநீர் போனதை
யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது எண்ணிக்கொண்டே நடக்கிறேன்.
ஐந்தாவது நிமிடம் தொடை கல்.
குனிந்து செருப்பு வாரைத் தடவுகிறேன்.
எட்டாவதில்
ஈரலிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ
கைமாற்றாக ஏதோ வந்து சேரும்.
அப்புறம் மாரண்டஹள்ளி வரைக்கும்கூட
நடந்துவிடலாம் போலிருக்கும்.

“தெனமும் அறுந்துபோற செருப்பு எதுக்குடி?”
என்கிறாள் கூட வரும் முனிரத்தினக்கா.
ஒருநாள் பேரைச் சொல்லிவிட்டேன்:
பாஸ்பாரிலேஸ்.
“எந்த ஊர்ப் பொண்ணு அவ?”

தெரியலக்கா,
நம்ம வீட்டுக்கு வந்ததில்ல.
நீ முன்னால போ,
இன்னும் மூணு நிமிஷம் இருக்கு.